பழைய எண், இருந்தால்

எங்கள் ரெக்கார்ட் ரூமில் தங்கக் காய்ச்சல் நான்கு ரேக்குகளை அடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கோலார் பக்கத்துப் பாறையில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியதும், பெங்களூர் கண்டோன்மென்டில் வேலையில் இருந்தவர், வேலை போனவர், வேலையே பார்க்காதவர் எல்லோரும் லைசென்சுக்கு மனுப் போட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற சார்ஜென்ட், குதிரை வைத்தியர், பேக்கரிக்காரர், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், ஒரு பாதிரியார். பாதிரியார் தன் பெயரில் ஒன்றும் மனைவி பெயரில் ஒன்றுமாக இரண்டு மனுப் போட்டிருந்தார். கையால் வரைந்த வரைபடங்களில் குன்றுகள் கம்பளிப்பூச்சிகளைப் போல ஊர்ந்துகொண்டிருந்தன.

நடைமுறை சுலபமானது. நிலத்தின் நான்கு மூலையிலும் முளை அடிக்க வேண்டும். பலகையில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். அடுத்தவர் மனுவுக்கு முன்னால் நம் மனு போய்ச் சேர வேண்டும். மனுவில் ஒரு கேள்வி: இந்த இடத்தை எவ்வாறு கண்டுபிடித்தீர்? பெரும்பாலானவர்கள் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு பழைய குழி இருந்தது. யாரோ வெட்டி, தங்கம் எடுத்து, விட்டுப் போன குழி. அந்த யாரோவைப் பற்றி மனுவில் கேள்வி இல்லாததால் பதிலும் இல்லை. குழிக்குப் பக்கத்தில் முளை அடித்தவர் கண்டுபிடித்தவர் ஆனார்.

அந்த நான்கு ரேக்குகளையும் பட்டியலிடும் வேலை எனக்கு வந்தது. இலாகாவின் பெயரை எழுத மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நான் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்தவன். தாத்தா சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டவர், அப்பா ரயில்வே. நான் மாலைக் கல்லூரியில் சரித்திரம் படித்து எம்.ஏ. வாங்கினேன். அதை மெச்சி என்னை ஜன்னல் இல்லாத அறைக்கு அனுப்பினார்கள்.

ஒரு கட்டு முழுக்கத் தமிழில் இருந்தது. கூலிகளும் வண்டிக்காரர்களும் கண்டோன்மென்டில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய் எழுதி வாங்கிய காகிதங்கள். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே மூன்று தலைமுறை ஆங்கில எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. நானும் அதே எண்களில் நான்காவதாக ஒன்றைப் போட்டால் எனக்குப் பின்னால் வருபவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று, காகிதத்தின் பின்பக்கம் பென்சிலால் தமிழ் எண்களைப் போட்டேன். பதிவேட்டிலும் அதே எண், எதிரே சுருக்கம். ஐம்பத்திரண்டு காகிதங்கள். வேலை சுத்தமாக முடிந்தது என்று நினைத்தேன்.

நாற்பத்தோராவது காகிதத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வண்டிக்காரர், தங்கம் தேடி வந்த ஒரு துரையைத் தன் மாட்டுவண்டியில் எட்டு நாள் சுற்றிக் காட்டியிருக்கிறார். ஓடைக்கரையில் தன் ஆட்கள் மழைக்குப் பிறகு மண்ணை அலசித் தங்கத் தூள் எடுக்கிற இடத்தைக் காட்டினார். அதற்கு மேலே இருந்த பழைய குழியையும் காட்டினார். முளை அடித்ததுகூட அவர்தான், துரை நிழலில் நின்றிருந்தார். பிறகு வேலி வந்தது, காவல் வந்தது, வண்டிக்காரரை ஓடைப் பக்கமே விடவில்லை. மனுவில் இரண்டு கோரிக்கைகள். மழைக்குப் பின் பழையபடி ஓடையில் மண் அலச அனுமதி வேண்டும். இடத்தைக் காட்டியவர் தான் என்பதை சர்க்கார் ஏதாவது ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். மனுவின்மேல் எந்த உத்தரவும் இல்லை. நிராகரிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

இதை என் மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். எனக்கு வயது முப்பத்தைந்து, ஒரு நல்ல காகிதம் கிடைத்தால் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றுகிற வயது.

அவரும் தமிழர்தான். தலைமுறை தலைமுறையாக மைசூர் சர்க்கார் சேவகத்தில் இருந்த குடும்பம். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், கையெழுத்து ஆங்கிலம். தமிழில் ஒரு எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. பெங்களூரில் இது அதிசயமில்லை, அவர் அதை ஒரு அந்தஸ்தாகவே வைத்திருந்தார்.

"எங்காத்துல பேசறதோட சரிப்பா. படி, கேக்கறேன்."

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

"இதை யாருக்காவது காட்டினியோ?"

"இல்ல சார்."

"வெச்சுட்டுப் போ. நிதானமா பாக்கணும்."

"ஸ்லிப்புல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா சார்..."

"என் ரூமுக்குக் கொண்டுவந்து குடுத்ததுக்கு நான் உனக்கு ஸ்லிப் போடணுமா? நாளைக்கு என் நாற்காலிக்கும் ரசீது கேப்பே போலிருக்கே!"

சிரித்தார். நானும் சிரித்தேன். என் முப்பத்தாறு வருஷ சர்வீசில் ஸ்லிப் இல்லாமல் வெளியே போன காகிதம் அது ஒன்றுதான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அவரை மன்னிக்காததற்குக் காரணங்கள் நிறைய உண்டு.

எட்டு மாதம் கழித்துத் தணிக்கைக் குழு வந்தது. கட்டைப் பிரித்தார்கள். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு இருந்தது. மேலதிகாரியிடம் இருக்கிறது என்றேன். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அப்படி ஒரு காகிதத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார். "எனக்குத் தமிழே படிக்க வராதே, அதை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று குழுவைப் பார்த்துக் கேட்டார். குழுவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு மெமோ வந்தது. மெமோவில் கையெழுத்து அவருடையது. விசாரணை நடந்தது. என் சர்வீஸ் புக்கில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது: பாதுகாப்பில் இருந்த ஆவணத்தைத் தொலைத்தவர். ரெக்கார்ட் ஆபீசர் பதவிக்கு என் பெயர் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அந்த வரியில் இடித்துத் திரும்பியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கு நான் ஃபைல் தூக்கினேன்.

அவர் ஓய்வுபெற்ற வருஷமே ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. கோலார்ப் பக்கத்துப் பழைய குடும்பம் ஒன்றின் மரப்பெட்டியில், தங்கத்தை முதலில் காட்டிய வண்டிக்காரரின் மனுவைத் தான் கண்டுபிடித்ததாக. பிறகு அதையே நீட்டிப் புத்தகம் போட்டார். நான் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று படிக்க, ஒன்று அடிக்கோடு போட.

ஏழாவது அத்தியாயத்தில் ஒரு பத்தி. மனுவின் பின்பக்கத்தில் மர்மமான ஒரு குறி இருப்பதாகவும், முதல் உருவம் மண் அலசும் தட்டையும் இரண்டாவது உருவம் ஓடும் நீரையும் குறிக்கலாம் என்றும், மண் அலசுவோர் தங்களுக்குள் வைத்திருந்த ரகசிய அடையாளமாக இருக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தார். பத்தியை நான் பஸ்ஸில் படித்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஒரு கடை வாசலில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன். அது ௪௧. நான் என் பென்சிலால் போட்ட நாற்பத்தொன்று.

சிரித்து முடித்ததும் யோசித்தேன். காகிதம் அவரிடம் இருக்கிறது. அதைத் தமிழ் தெரிந்த ஒருவரிடமும் அவர் காட்டவில்லை, காட்டவும் முடியாது. புத்தகத்தில் படமும் போடவில்லை. வெறும் வர்ணனையை வைத்துக்கொண்டு புகார் கொடுத்தால், ஏதோ ஒரு குடும்பத்துப் பெட்டி, ஏதோ ஒரு குறி என்று தட்டிவிடுவார். அசல் வெளியே வர வேண்டும், அவர் கையாலேயே வர வேண்டும். காத்திருந்தேன். சர்க்கார் உத்தியோகம் வேறு எதைக் கற்றுக்கொடுத்ததோ இல்லையோ, காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது. ஓய்வுபெற்றேன். சிலர் காலையில் தியானம் செய்வார்கள். நான் நடைப்பயிற்சியில் அவரை நினைப்பேன். ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தக் காலத் தங்க வேட்டையைப் பற்றி ஒரு காட்சிக்கூடம் வைக்க எங்கள் பழைய இலாகா முடிவு செய்தது. பொறுப்பில் இருந்த பெண் அதிகாரி ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றவர். தனியாரிடமிருந்து பொருள்களை நன்கொடையாக வாங்க ஒரு படிவம் வேண்டும், "நீவே பரெதுகொடி சார்," என்றார். நானே எழுதிக் கொடுத்தேன். கொடுப்பவர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அதிகாரியிடம் நான் எதையும் மறைக்கவில்லை, அவர் எதையும் கேட்கவுமில்லை. பொருளின் விவரம், அளவு, நிலை, எங்கிருந்து கிடைத்தது. ஐந்தாவது கட்டம்: பழைய எண் அல்லது குறி, இருந்தால் உள்ளபடி வரைக.

அந்த மனிதரை நான் பதினொரு வருஷம் பார்த்திருக்கிறேன். காலியாக விட்ட ஒரு கட்டத்தை அவரால் தாங்க முடியாது. 'இல்லை' என்று எழுதாமல் கோடு போட்டிருந்தால்கூட முழு ஃபைலையும் திருப்பி அனுப்புவார். ஐந்தாவது கட்டம் அவருக்காகவே தைத்த சட்டை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் மகனோடு இருக்கிறார், பதினான்காவது மாடி. கீழே செக்யூரிட்டி என் பெயரைப் போனில் இரண்டு தடவை சொல்லி அனுமதி கேட்டார். பிறகு வரச் சொன்னார்கள்.

எண்பத்தைந்து வயது. உடம்பு சுருங்கியிருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"வாப்பா. நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன் சார். உங்க ஆசீர்வாதம்."

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்கலையே?"

"எதை சார்?"

அது அவருக்குப் பிடித்திருந்தது. மருமகளைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார். படிவத்தை வாங்கி ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார். "யார் டிராஃப்ட் பண்ணினா? நன்னா இருக்கே!" என்றார். நான்தான் என்றேன். "நான் போட்ட ட்ரெயினிங்" என்றார்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த மனு இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். ஓரம் ஒன்று மடிந்திருந்தது, மற்றபடி நன்றாகத்தான் வைத்திருந்தார். கண்டுபிடித்தவர் என்று தன் பெயர் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பித்தளையில் வருமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. மகனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை, பேரன் அமெரிக்காவில், தனக்குப் பின்னால் இருக்கப்போவது அந்தப் பித்தளைதான் என்றார். பட்டியலில் விவரம் சரியாக இருந்தால் எல்லாம் முறைப்படி வரும் என்றேன். பொய் சொல்லவில்லை.

சட்டத்தைத் திருப்பி, பின் அட்டையைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஐந்தாவது கட்டத்தில் வரைய ஆரம்பித்தார். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு. முதலில் ௪. பிறகு ௧. ஒரு நிமிஷம் ஆனது. என் பென்சில் எழுத்தின் சாய்வுகூடத் தப்பவில்லை.

"மர்மமான குறி இது. என் புஸ்தகத்துல எழுதியிருக்கேன், படிச்சியோ?"

"ரெண்டு காப்பி வாங்கினேன் சார்."

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னேன். எல்லாப் பக்கத்திலும் போட்டார்.

ஒப்படைக்கும் நாளில் காலை பதினொரு மணிக்கு அதிகாரியின் அறையில் ஆறு பேர் இருந்தோம். அதிகாரி, இரண்டு பணியாளர்கள், புகைப்படக்காரர், என் பழைய மேலதிகாரி, நான். பட்டுக்கரை வேட்டியும் கோட்டும் போட்டு வந்திருந்தார். அதிகாரி படிவத்தை ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு வந்து ஐந்தாவதில் நின்றார்.

"சார், ஏனிது? என்ன எழுத்து இது?"

"பழைய குறி" என்றார் அவர், புகைப்படக்காரரைப் பார்த்தபடி.

"தமிழ் எண், மேடம்" என்றேன் நான். "நாற்பத்தொன்று. நம்ம ரெக்கார்ட் ரூம் பதிவேட்டுல தமிழ்க் கட்டு இருக்கு. பதிவேட்டையும் கட்டையும் ஒரு தடவை வரவழைச்சுப் பார்க்கறது முறை."

வரவழைத்தார்கள். நான் எந்தக் காகிதத்தையும் தொடவில்லை. தொட்டால் அதையும் சொல்வார்கள். அதிகாரியே கட்டைப் பிரித்தார், அதிகாரியே திருப்பினார். ௪௦. அடுத்தது ௪௨. இரண்டுக்கும் நடுவில் சட்டத்திலிருந்து எடுத்த காகிதத்தை வைத்தார். அதே பென்சில், அதே மூலை. பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே என் கையெழுத்தில் சுருக்கம் இருந்தது, அதன்மேல் சிவப்பில் 'காணவில்லை'. அந்தச் சிவப்புக்குக் கீழே அவருடைய சுருக்கொப்பம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, அவர் நிலையில் யாரும் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார்.

"இவன்தான் கொண்டுவந்து குடுத்தான்! என் ரூமுக்கு வந்து, என் டேபிள்ல வெச்சுட்டுப் போனான். திருடினது இவன், நான் இல்லை!"

முப்பத்தைந்து வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம் இதுதான். விசாரணைக் குழுவின் முன்னால் நான் எதைச் சொன்னேனோ அதை அவரே, சாட்சிகளோடு, சொல்லிவிட்டார்.

"ஆமா சார்" என்றேன். "உங்க ரூம்ல, உங்க டேபிள்ல, உங்க கையில குடுத்தேன். நீங்க அதைப் பார்த்ததே இல்லைன்னு என்கொயரியில எழுதிக் குடுத்தீங்க. இப்ப சொன்னதையும் எழுதிக் குடுத்துடுங்க."

"பழிவாங்கறியா?"

"ஆமா சார்."

வேறு பதில் எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், நானே டம்ளரை நகர்த்தி வைத்தேன். அதிகாரி இரண்டு வெள்ளைத் தாள்களை முன்னால் வைத்து, மரியாதையாக, விளக்கம் எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் போலீசுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதை இன்னும் மரியாதையாகச் சொன்னார். அரை மணி நேரம் எழுதினார். என்மீது பழி போடுவதற்காகவே தேதி, நேரம், அறை, நான் நின்ற இடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினார். அவர் சேர்க்கச் சேர்க்க என் மெமோ கரைந்துகொண்டே போனது. எனக்கு இவ்வளவு நல்ல சாட்சி வேறு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. தண்டனை ரத்து, பதிவு நீக்கம், மூன்று வரி. இழந்த பதவியைப் பற்றி ஒன்றுமில்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும், விதி தெரிந்தவனுக்கு ஏமாற்றம் கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். சாந்தி, சமாதானம் என்றெல்லாம் சொல்வார்களே, அது எதுவும் வரவில்லை. இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

காட்சிக்கூடம் திறந்தபோது மனுவுக்குக் கீழே வைக்கிற பலகையை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. இடத்தைக் காட்டியவர் வண்டிக்காரர் என்று, மனுவில் இருந்த வண்டிக்காரரின் பெயரோடு எழுதினேன், சர்க்கார் புத்தகம் இல்லாவிட்டாலும் சர்க்கார் சுவர். கண்டுபிடித்தவர் என்ற வரியே இல்லை. என் பெயரும் இல்லை. நான் போட்டுக்கொண்டால் மேலதிகாரிக்கு ஆறுதலாகப் போய்விடும்.

அடுத்த வாரம் மேலதிகாரியின் மகன் போன் செய்தார்.

"அங்கிள், அப்பா சரியா சாப்பிடறதில்லை. அந்த போர்டுல ஒரு ஓரமா, பாதுகாத்து வெச்சவர்னாவது போட முடியுமா? தப்பு பண்ணிட்டார், ஒத்துக்கறேன். எண்பத்தஞ்சு வயசு, அங்கிள்."

"அவர் மெமோ குடுத்தப்ப எனக்கு முப்பத்தாறுப்பா."

போர்டுப் பேச்சை விட்டார். பிறகு, "அட்லீஸ்ட் ஒரு தடவை வந்து பார்க்கணுங்கறார். உங்ககிட்ட பர்மிஷன் கேக்கச் சொன்னார்" என்றார்.

"என் பர்மிஷன் எதுக்கு? பத்தரைலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் பொதுமக்கள் யார் வேணா பார்க்கலாம்" என்றேன். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் சொன்னேன். அந்த வயதில் அவர் வீணாக அலையக் கூடாது.